குழியில் ஒருவர், பலகையில் ஒருவர்

ஐம்பது ஆண்டு கழித்து ஆண் என்றால் என்ன, பெண் என்றால் என்ன என்று காஞ்சிபுரத்தில் கேட்டு வரும்படி என்னை அனுப்பினார்கள். நான் பினாங்கில் வசிப்பவள். ஓர் ஆராய்ச்சி அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேலை. தமிழ் தெரியும், வெயில் தாங்குவேன், வீட்டில் ‘ஏன் போகிறாய்’ என்று கேட்க ஆளில்லை. இந்த மூன்று தகுதிக்காக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். கூட வந்தவர் ஹெல்கா, குளிர்நாட்டுப் பேராசிரியை. ஆறடி உயரம். நல்ல மனசு. எதைப் பார்த்தாலும் கண் கலங்கிவிடும். அந்த நல்ல மனசு ஐந்து நாளில் எனக்கு மூட்டிய எரிச்சலை வேறு யாரும் மூட்டியதில்லை.

எங்கள் கையில் ஒரு கட்டு வெற்று அட்டைகள் இருந்தன. அடையாள அட்டை அளவு. ஆளுக்கு ஒன்று கொடுத்து, “இது உங்கள் கொள்ளுப்பேத்திக்கோ கொள்ளுப்பேரனுக்கோ கிடைக்கப்போகும் அட்டை. இதில் என்னென்ன இருக்கும்? நீங்களே எழுதுங்கள்” என்று கேட்க வேண்டும். ஆண், பெண் என்று எழுதுகிறார்களா, வேறு ஏதாவது எழுதுகிறார்களா, அந்த விஷயத்தையே விட்டுவிடுகிறார்களா என்று பார்ப்பது ஹெல்காவின் முறை. “இன்றைக்குச் சொல்லத் துணியாததை எதிர்காலத்தின் பேரில் சொல்லிவிடுவார்கள்” என்பது அவர் கட்சி. விமானத்தில் கேட்டபோது எனக்கும் சரியாகத்தான் பட்டது.

முதல் நாள் விடுதி மேசையிலேயே ஆரம்பித்துவிட்டது. அங்கிருந்தவர் பெரிய பதிவேட்டைத் திருப்பி என் முன் வைத்தார். பெயர், ஊர், அதற்கடுத்த கட்டம் கணவர் அல்லது தகப்பனார் பெயர்.

“ஹஸ்பெண்டு பேரு எழுதுங்கம்மா.”

“கிடையாது.”

“அப்ப அப்பா பேரு.”

“அவர் செத்து இருபது வருஷமாச்சு.”

“பரவால்லமா, எழுதுங்க. சும்மா ஒரு இதுக்குத்தான்.”

ஐம்பத்திரண்டு வயதில் ஒரு கட்டிலும் ஒரு மின்விசிறியும் வாடகைக்கு எடுக்க, செத்துப்போன மனிதர் ஜாமீன் நிற்க வேண்டியிருந்தது. எழுதித் தொலைத்தேன். ஹெல்காவின் முறை வந்தபோது கடவுச்சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார். “அவுங்க ஃபாரினருமா” என்றார். நானும் ஃபாரினர்தான் என்று என் கடவுச்சீட்டை ஆட்டிக் காட்டினேன். “இருந்தாலும் நம்ம ஆளு இல்லீங்களா” என்று அன்பாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சமாவது கெட்ட எண்ணம் இருந்திருந்தால் நானாவது கத்தியிருக்கலாம்.

மாலையில் கோயில் இட்லி சாப்பிட்டோம். மந்தாரை இலை வாசனையோடு, துண்டு துண்டாக நறுக்கி, முழு மிளகு பல்லில் கடிபட. பினாங்கில் இட்லி என்று பஞ்சுத் தலையணை ஒன்று விற்கிறார்கள்; அதை நினைத்து வெட்கப்பட்டேன். ஹெல்கா நான்கு துண்டு சாப்பிட்டுவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அந்தப் பதிவேட்டை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறீர்கள், அது வெறும் கட்டம்தானே” என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் மிளகைக் கடித்தேன்.

இரண்டாம் நாள் பசியாறிவிட்டு அட்டைகளோடு கிளம்பினோம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண்கள் முதலில் மாட்டினார்கள். “ஃபிஃப்டி இயர்ஸ் கழிச்சா ஆன்ட்டி? அப்ப ஆம்பளைங்கதான் வாசல்ல கோலம் போட்டுக்கினு இருப்பாங்க” என்றது ஒரு பெண். கூட இருந்தவள், “எங்க ஊட்ல மட்டும் அப்பவும் எங்கம்மாதான் போடும்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரிய மனிதர். அட்டையை வாங்கி, கண்ணாடியைத் துடைத்து, அழகான கையெழுத்தில் ‘ஆண்’ என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார். பேத்தியாகவும் இருக்கலாம் என்று சொன்னேனே என்றேன். “பேரனே போதும்மா” என்றார். இன்னும் பிறக்காத பிள்ளைக்கும் இந்தக் கதிதான். ஹெல்கா அந்த அட்டையை மரியாதையாக உறைக்குள் போட்டார்.

மத்தியானம் மோகன் என்பவரின் ஆட்டோவில் ஏறினோம். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் கிளட்ச் ஒயர் அறுந்துபோயிற்று. கடை வரைக்கும் தள்ள வேண்டும். மோகன் உள்ளே உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள, நானும் ஹெல்காவும் வெயிலில் தள்ளினோம். எதிரே சைக்கிளில் வந்தவர், “ஏம்பா, பொம்பளைங்கள தள்ள வுட்டுட்டு நீ உக்காந்துக்கினு கீறியா?” என்று கத்தினார். மோகன் கொஞ்சமும் அசரவில்லை. “ஓட்டத் தெரிஞ்சவன் ஒருத்தன் உள்ள உக்காரணும் இல்ல?” என்றார். ஹெல்காவுக்கு மொழிபெயர்த்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு முழங்கால் வலித்தது.

ஒயர் மாற்றும்வரை மோகன் எங்கள் வேலையைப் பற்றி விசாரித்தார். கேட்டுவிட்டு, “நீங்க தேடறது பிள்ளையார்பாளையத்துல ஒரு ஊட்ல இருக்குது மேடம். அண்ணனா இருந்தவங்க அக்காவாயிட்டாங்க. ஊட்ல ஒரு சண்டை கெடையாது. வந்து பாருங்க” என்றார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஹெல்கா கை தட்டினார்.

அந்த வீட்டில் பாதி இடத்தைத் தறி பிடித்திருந்தது. வீட்டுக்காரர் ஏழுமலை, நாற்பது வயது. அவருடைய அக்கா மேகலா, இரண்டு மூன்று வயது மூத்தவர். ஏழுமலையின் மனைவி தேவகி. மேகலாவின் பழைய பெயரை நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஏழுமலை பெருமையோடு பேசினார். “எங்க ஊட்ல யாரும் அவுங்கள தொரத்தல மேடம். பெங்களூர்ல இருந்து பொடவ கட்டிக்கினு வந்து நின்னாங்க. நான்தான் மொதல்ல அக்கான்னு கூப்ட்டன். காது குத்தி, தெருக்காரங்களுக்கு மஞ்சள் குங்குமம் குடுத்தோம். இதுவரைக்கும் ஒருத்தரும் ஒரு வார்த்த பேசினதில்ல.”

ஹெல்காவின் கண் நிறைந்துவிட்டது. “எவ்வளவு இயல்பான ஏற்பு! நாங்கள் சட்டம் போட்டுப் போராடி வாங்குவதை இவர்கள் மஞ்சள் குங்குமத்தில் முடித்துவிட்டார்கள்” என்று என் காதில் சொன்னார். எனக்கும் மனசு இளகித்தான் போனது. வீட்டுக்கு ஒன்றாக நாங்கள் நிரப்ப வேண்டிய படிவத்தை எடுத்து விவரங்களை எழுதினேன். காப்பி கொண்டுவந்த தேவகியிடம் குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டேன். அன்று அவரிடம் நான் பேசியது அவ்வளவுதான்.

பிறகு அக்காவும் தம்பியும் தறியில் உட்கார்ந்தார்கள். காஞ்சிபுரம் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் நூலோடு நூல் பூட்டுவதற்குப் பெயர் கோர்வை. அதற்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். குழிக்குள் கால் விட்டு மிதித்து நெய்பவர் ஒருவர். வலப்பக்கம் ஒரு பலகையில் குந்தி, கரைக்கான நூல் சுற்றிய நாடாவை வரிக்கு வரி வாங்கி அனுப்பும் துணை ஒருவர். சேலை யார் நெய்தது என்று கேட்டால் குழியில் இருப்பவர் பெயரைத்தான் சொல்வார்கள். ஏழுமலை குழியில் இறங்கினார். மேகலா பலகையில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் எனக்கே தெரிந்துவிட்டது, அந்தத் தறியில் வேலை தெரிந்தவர் பலகையில் இருந்தவர்தான். ஏழுமலை ஒரு மிதிக்கு அழுத்தி அடித்தார், மறு மிதிக்கு மெதுவாக அடித்தார். மேகலா முகத்தைச் சுளித்துக்கொண்டு கரையை இழுத்துச் சரி செய்தபடி இருந்தார். “முன்னாடி யார் நெய்வது?” என்று கேட்டேன்.

“நான்தான்” என்றார் மேகலா. “இவன் அப்ப ஒரகடத்துல கம்பெனி வேலைக்குப் போய்க்கினு இருந்தான். நான் பெங்களூர் போனப்பறம் இவன் குழில எறங்கினான். நாலு வருஷம் முன்னாடி திரும்பி வந்து உக்காரப் போனா, ‘அக்கா, நீ பொம்பள, பலகைல உக்காரு’ன்னான். எனக்கு அழுகையே வந்துட்சிக்கா. சந்தோஷத்துல! அக்கான்னு சொல்லிட்டானேன்னு. ஆறு மாசம் அந்த சந்தோஷத்துலயே ஓடிட்சி. அப்பறம்தான் இன்னா நடந்துச்சின்னு வெளங்கிச்சி.”

ஏழுமலை நாடாவை நிறுத்தினார். “எங்க ஊட்ல பொம்பளைங்க குழில உக்கார வழக்கம் இல்ல மேடம். அவுங்கள பொம்பளையா மதிக்கறதாலதான சொல்றோம்?”

இதே தெருவில் நான்கு வீடு தள்ளிப் பெண்கள் குழியில் உட்கார்ந்து நெய்வதை வரும் வழியில்தான் பார்த்திருந்தேன். இந்த வீட்டுக்கு மட்டும் வழக்கமில்லை. நெசவாளர் அட்டை என்று அரசாங்கம் தருவது ஒன்று உண்டே, அது யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டேன். பழைய அட்டையில் மேகலாவின் பழைய பெயர். பெயரை மாற்ற இரண்டு மூன்று முறை அலைய வேண்டும் என்றார்களாம். ஏழுமலை அலையவில்லை. தன் பெயரில் ஒன்று வாங்கிவிட்டார். பெயரை மாற்றச் சொன்னால் ஆளையே மாற்றியிருக்கிறார்கள். ஒரு மனுஷி ஊர் உலகத்தோடு மல்லுக்கட்டிப் பெண்ணாகி வந்து நின்றதும், பெண்ணுக்கு என்று வைத்திருந்த பலகையைக் காட்டிவிட்டார்கள். இதற்கு மஞ்சள் குங்குமம் வேறு! ஹெல்காவிடம் இதை அப்படியே சொன்னேன். அவர், “சுவாரஸ்யமான சிக்கல்” என்று குறித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் விடிந்ததும் மோகனோடு போனோம். அன்று அவர்கள் வீட்டுக்குப் புதுப் பாவு வந்திருந்தது. தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு. அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இழை இழையாகப் பிரித்து, அறுந்ததை முடிந்து தறிக்குத் தயார் செய்கிறார்கள். பத்துப் பேராவது வேண்டும். பக்கத்து வீட்டு ஆண்கள், பெண்கள், பல் துலக்கிக்கொண்டு வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். என்னிடமும் ஒரு முனையைக் கொடுத்தார்கள். தெருவில் ஆணா பெண்ணா என்று ஒருவரும் பார்க்கவில்லை.

படம் எடுக்க எதிர்ப்பக்கம் போக நினைத்த ஹெல்கா, சுற்றிப் போகச் சோம்பி, அந்த நீளக் காலைத் தூக்கிப் பாவைத் தாண்டிவிட்டார். பாவைத் தாண்டக் கூடாது. தெருவே “ஐயோ” என்று கத்தியது. ஹெல்கா நடுவில் ஒரு கால் அந்தப்பக்கம் ஒரு கால் இந்தப்பக்கமாக நின்றுவிட்டார். எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அம்மாள் தன் மருமகளிடம் ஏதோ சொன்னார். கூட்டம் சிரித்தது. மோகன் எனக்கு அர்த்தம் சொன்னார்: “இந்தக் காலுக்குக் குழிய இன்னும் ரெண்டு அடி தோண்டணுமாம்.” அந்த நாளில் நான் சிரித்தது அப்போதுதான்.

பாவைக் கொண்டுவந்த பட்டுக்கடை ஆள் போகும்போது ஏழுமலையிடம் சொன்னார். “போன பொடவைல கரை அங்கங்க இழுத்துக்கினு நிக்குது. இதுவும் அப்படி வந்தா அடுத்த பாவு கெடையாதுன்னு மொதலாளி சொல்லிட்டாரு. பழைய கை உக்காந்தா சரியாய்டும்னாரு.” பழைய கை யாருடையது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

பாவை உள்ளே கொண்டுபோனதும் மேகலா எங்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். “நாலு பேர் முன்னாடி கேக்கணும்னு இருந்தன். நீங்க வந்தது நல்லதாப் போச்சு” என்றவர் தம்பியைப் பார்த்தார். “டேய் ஏழுமல, இந்தப் பாவு நான் நெய்யறன். பாவு நின்னுபோனா அப்பறம் ஊட்ல எல்லாரும் இன்னாடா பண்றது? எனக்கு என் எடம் வேணும்.”

“அக்கா, தெரு சிரிக்கும். பொம்பளன்னு சொல்லிக்கினு குழில உக்காந்தா, ‘பாத்தியா, ஆம்பளதான்’னு பேசுவாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றன்.”

“நாலு ஊடு தள்ளி நெய்யறாங்களே, அவுங்கள்லாம் ஆம்பளையா?”

“அவுங்க ஊட்டு வழக்கம் வேற.”

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் குறுக்கே பேசக் கூடாது என்பது விதி. பேசினேன். நான்கு வருஷமாக ஒருத்தரின் கையையும் பெயரையும் பிடுங்கி வைத்துக்கொண்டு அதற்கு மரியாதை என்று பெயர் வைக்கிறீர்களா என்று கேட்டேன். சத்தம் போட்டேன் என்பதுதான் சரி. ஏழுமலையின் முகம் சிவந்தது. மேகலா என் கையைப் பிடித்து அழுத்தினார். எனக்கு உள்ளூர ஒரு திருப்திகூட வந்தது, உள்ளதைச் சொல்கிறேன்.

அப்போது அடுப்படியிலிருந்து தேவகி வந்தார். கையில் இருந்த டம்ளர்களைத் தரையில் வைத்தார்.

“நான் ஒண்ணு கேக்கணும் அண்ணி.”

“கேளும்மா.”

“கல்யாணமாயி வந்த மறுவாரம் அந்தப் பலகைல உக்காந்தேன். பதினோரு வருஷம். அப்ப உங்கள மாமான்னு கூப்டுக்கினு இருந்தேன். நீங்க குழில உக்காந்துக்கினு இருந்தீங்க. ‘தேவகி, நீயும் ஒரு பொடவ நெய்யி’ன்னு ஒரு நாளு சொன்னீங்களா? வயித்துல புள்ளயோட குந்திக்கினு நாடா வாங்கினேன். எந்தப் பொடவ நான் நெய்ஞ்சதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?”

மேகலா என் கையை விட்டுவிட்டார்.

“நீங்க திரும்பி வந்தீங்க. பலகைக்கு எறக்கிட்டாங்கன்னு இன்னிக்கி அழறீங்க. நீங்க பலகைல உக்காந்ததும் நான் எங்க போனேன்? அடுப்புக்குப் போனேன். உங்களுக்கு ஒரு படி எறக்கம் அண்ணி. எனக்கு ரெண்டு படி.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்களும் ரெண்டு நாளா வந்துக்கினு இருக்கீங்க. தண்ணி கேட்டீங்க. ஊர்ல எல்லாருக்கும் அட்டை குடுத்தீங்களாம், எனக்கு ஏன்க்கா குடுக்கல?”

ஹெல்கா என் தோளைத் தொட்டு, “அவர் என்ன சொன்னார், என்ன சொன்னார்” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதுவரை ஏழுமலை மேல் இருந்த கோபம் எல்லாம் திரும்பி வந்து என் மேல் உட்கார்ந்தது. விடுதிக்காரர் எனக்குச் செய்ததையே நான் இந்தப் பெண்ணுக்குச் செய்திருந்தேன். அவராவது எனக்கு ஒரு கட்டம் கொடுத்தார். நான் அதுகூடக் கொடுக்கவில்லை.

மேகலா, “நான் கேக்கலம்மா. கேட்டிருக்கணும். அப்ப எனக்குத் தோணவே இல்ல” என்றார்.

தேவகி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஒரு பாவுக்கு மூணு பொடவ. மொத பொடவ நீங்க நெய்யுங்க, கடக்காரரு வாய மூடட்டும். ரெண்டாவது நான் நெய்யறேன், நீங்க சொல்லிக் குடுங்க. மூணாவது அவரு நெய்யட்டும், வேணாங்கல.”

“சரி, மொத பொடவைக்குப் பலகைல யாரு?” என்றார் ஏழுமலை.

தேவகி அவரையே பார்த்தார்.

“நானா?” என்றார் ஏழுமலை. ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான்காம் நாள் அந்த வீட்டில் தறிச் சத்தம் இல்லை. புதுப் பாவின் இழைகளைத் தறியில் கிடந்த பழைய இழைகளோடு இரவும் பகலுமாகப் பிணைத்து முடித்திருந்தார்கள். எல்லாம் தயார். மேகலா குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்திருந்தார். பலகை காலி. நான் உட்காரட்டுமா என்று கேட்டேன், அவ்வளவு ஆத்திரம் எனக்கு. “யாரு வேணாலும் உக்காரலாம்னா நானே உக்காந்துட மாட்டனாக்கா? அவருதான் உக்காரணும்” என்றார் தேவகி, புளியைக் கரைத்தபடி. பட்டுக்கடை ஆள் வந்து கேட்டால் என்ன செய்வீர்கள் என்றேன். பாவு திரும்பிப் போய்விடுமே என்ற பயம் அவர் முகத்திலும் இருந்தது. ஆனால் எழுந்து போய்ப் பலகையில் உட்காரவில்லை.

நெசவுத் தெருவில் ஒரு தறி நின்றால் எல்லோருக்கும் கேட்டுவிடும். இங்கே அமாவாசைக்குத்தான் தறியை நிறுத்துவார்கள். டீக்கடை பெஞ்சில் ஏழுமலையைத் தேடிப் போனபோது போகிறவர் வருகிறவர் எல்லாம், “இன்னாபா ஏழுமல, இன்னிக்கி அமாவாசையா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பரிதாபம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, மறுபடியும் ஆரம்பித்தேன். அக்கா, மனைவி, நியாயம் என்று எல்லாவற்றையும் அடுக்கினேன்.

முழுவதும் கேட்டார். பிறகு கிளாஸை வைத்துவிட்டு, “மேடம், கோச்சுக்காதீங்க. மொத நாளு உங்க ஃபாரத்துல குடும்பத் தலைவர்னு ஒரு எடம் இருந்துச்சே. யாரையும் கேக்காம என் பேர நீங்கதான எழுதினீங்க?” என்றார்.

பையிலிருந்து படிவத்தை எடுத்துப் பார்த்தேன். ஐம்பது ஆண்டு கழித்து ஆண் பெண் எப்படி மாறும் என்று கேட்கிற படிவம். அதன் முதல் வரி ‘குடும்பத் தலைவர்’. என் கையெழுத்தில் ‘ஏழுமலை’. நன்றாகச் சுழித்து எழுதியிருந்தேன். இந்த மூன்று நாளில் அந்தத் தெருவில் நான் நிரப்பிய எல்லாப் படிவத்திலும் ஓர் ஆண் பெயர்தான் இருந்தது. எந்த வீட்டிலும் நான் கேட்டதாக நினைவில்லை.

விடுதிக்கு வந்து ஹெல்காவிடம் காட்டினேன். ஆராய்ச்சி நடுவில் படிவத்தை மாற்ற முடியாது, இது உலகம் பூராவும் ஒரே மாதிரி என்றார். “நீங்கள் சொன்ன ‘வெறும் கட்டம்’ இதுதானே?” என்று கேட்டேன். பேனாவை எடுத்து எல்லாப் படிவத்திலும் அந்த வரியை அடித்தேன். காகிதம் கிழிந்த இடமும் உண்டு. ஹெல்கா தடுக்கவில்லை. இரவுச் சாப்பாட்டில் தயிர்சாதத்தைத் தள்ளிவிட்டு, “உங்கள் கோபம் எனக்குப் புரியவில்லை, ஆனால் அது தவறு என்றும் சொல்ல முடியவில்லை” என்றார். ஐந்து நாளில் அவர் சொன்னதிலேயே எனக்குப் பிடித்த வாக்கியம் அது.

ஐந்தாம் நாள் ஊருக்குக் கிளம்ப வேண்டும். புது கிளட்ச் ஒயரோடு மோகன் வந்தார். போகிற வழியில் அந்தத் தெருவில் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னேன். தெருமுனையிலேயே மோகன் காதைத் தீட்டினார். “தறி ஓடுது மேடம்” என்றார்.

கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே போனோம். குழியில் மேகலா. பலகையில் ஏழுமலை, மடங்காத முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல், நாடா வருவதற்கு முன்பே கையை நீட்டிக்கொண்டு. பக்கத்தில் தேவகி நின்றிருந்தார்.

“அவசரப்படாத. வரட்டும். வந்தப்பறம் வாங்கு.”

“எத்தினி நேரம்தான் இப்படியே குந்தறது? இடுப்பு ஒடியுது தேவகி.”

“பதினோரு வருஷம்” என்றார் தேவகி.

மேகலா தலை நிமிராமல் சிரித்தார். மிதி ஒரே சீராக விழுந்தது. அந்தச் சத்தத்துக்கும் மூன்று நாள் முன்பு கேட்ட சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் எனக்கே தெரிந்தது. ஏழுமலை எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேவகி போய்க் கதவை முழுசாகத் திறந்து, மூடாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்தார். வெளிச்சம் பலகை மேல் விழுந்தது. தெருவில் போன யாரோ நின்று எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஏழுமலைக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை. நாடா வந்தது, வாங்கினார்.

நான் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துத் தேவகியிடம் இரண்டு கையாலும் நீட்டினேன். மன்னிப்புக் கேட்டேன். எல்லோருக்கும் சொன்னதை அவருக்கும் சொன்னேன்: உங்கள் கொள்ளுப்பேத்திக்கோ கொள்ளுப்பேரனுக்கோ கிடைக்கப்போகும் அட்டை, அதில் என்ன இருக்கும் என்று எழுதுங்கள். தேவகி பேனாவை வாங்கினார். சுவரில் அட்டையை வைத்து, நிதானமாக, இரண்டு வரி எழுதினார்.

தேவகி.

நெசவாளர்.

ஹெல்கா எட்டிப் பார்த்தார். “அவருக்குச் சரியாகப் புரியவில்லை. இது அவருக்கான அட்டை இல்லை. ஐம்பது ஆண்டு கழித்து வரப்போகிறவருக்கு. வேறொன்று கொடுத்து மறுபடி எழுதச் சொல்லுங்கள், இது கணக்கில் சேராது” என்றார். தயங்கித் தயங்கி அதைத் தமிழில் சொன்னேன்.

தேவகி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அவளுக்கு இன்னும் நாள் இருக்குதேக்கா. எனக்கே இன்னும் ஒண்ணு குடுக்கலயே.”

சொல்லிவிட்டு, தறிக்கால் மரத்தில் இருந்த வெடிப்பில், குழியில் உட்காருகிறவர் கண்ணுக்கு நேராக, அந்த அட்டையைச் செருகினார். எங்களிடம் திருப்பித் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை.